பாக்சிங்கா, எம்எம்ஏவா? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கூலாயைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் செடெனாக்கில் அப்பா தலைமுறைக்குச் சண்டை விளையாட்டு என்றால் ஒன்று சிலம்பம், இல்லையென்றால் குத்துச்சண்டை. 1975 ஜூலை 1-ஆம் தேதி முகமது அலி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதி வென்றதை அப்பா இன்றும் சொல்வார். 1998 காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டின் சப்போக் பிகி தங்கம் வென்றதும் அவருக்கு மறக்கவில்லை.

என் அக்கா மகனுக்கு வயது 16. அவனும் நண்பர்களும் வெள்ளிக்கிழமை இரவானால் பாங்காக் லும்பினி அரங்கத்தில் நடக்கும் ‘ஒன்’ போட்டிகளைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அண்மையில் அவன் எம்எம்ஏ வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்டான். “ஆளைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து குத்துறானுங்க, அதெல்லாம் ஒரு விளையாட்டா? வேணும்னா பாக்சிங் போகட்டும்,” என்றார் அக்கா. பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த ஈர்ப்பு?

எம்எம்ஏ என்பது கலப்புத் தற்காப்புக் கலை. குத்து, உதை, மல்யுத்தம், தரையில் போடும் பிடி எல்லாம் அதில் சேரும். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களைப் பிரேசிலின் ஹோய்ஸ் கிரேசி பிடிகளாலேயே பணிய வைத்தார். பலத்தைவிட வித்தை பெரிது என்று அன்று உலகம் கண்டது.

2011-இல் பக்கத்துச் சிங்கப்பூரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ தொடங்கியதும் அலை நம் வாசலுக்கே வந்தது. ஜொகூர் பாருவின் ஜிஹின் ரட்சுவான் அதில் பெயர் எடுத்தார். நம்மவர் அகிலன் தானி, 2017 மே மாதம் 21 வயதில் பென் ஆஸ்க்ரனுடன் உலகப் பட்டத்துக்கே மோதினார். முதல் சுற்றிலேயே தோற்றாலும், 2019-இல் ஷாங்காயில் புகழ்பெற்ற ஜப்பானிய வீரர் யோஷிஹிரோ அகியாமாவை வென்று காட்டினார். ‘இறுதிச்சுற்று’ படத்தில் குத்துச்சண்டை வீராங்கனையாக வந்த ரித்திகா சிங்கும் எம்எம்ஏ களம் கண்டவர்தான்.

எதில் ஆபத்து அதிகம்?

கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2000 முதல் 2013 வரை போட்டி முடிந்ததும் மருத்துவர் பரிசோதித்த 1,181 எம்எம்ஏ வீரர்களையும் 550 குத்துச்சண்டை வீரர்களையும் ஒப்பிட்டார்கள். ஏதாவது ஒரு காயம் பட்டவர்கள் எம்எம்ஏயில் 59.4 விழுக்காடு, குத்துச்சண்டையில் 49.8 விழுக்காடு. ஆனால் நினைவிழந்தவர்கள் எம்எம்ஏயில் 4.2 விழுக்காடு, குத்துச்சண்டையிலோ 7.1 விழுக்காடு.

அதாவது எம்எம்ஏயில் ரத்தமும் சிராய்ப்பும் கூடுதல். குத்துச்சண்டையில் தலைக்கு வரும் ஆபத்து கூடுதல். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. குத்துச்சண்டையில் தலை முக்கியக் குறி. தடித்த கையுறை குத்துபவரின் கையைக் காப்பதால் அவர் மேலும் மேலும் குத்தலாம். விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் மீண்டும் அடி வாங்க வேண்டும். எம்எம்ஏயில் பிடியில் சிக்கியவர் கையால் தட்டினால் போதும், ஆட்டம் முடிந்தது. அது அவமானம் இல்லை. முதல் வாரமே சொல்லித் தரும் பாடம்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அப்படின்னா பாக்சிங்தான் மோசமா?” என்று கேட்டார். அப்படியும் இல்லை. குத்துச்சண்டையில் பள்ளி மாணவனுக்குத் தெளிவான பாதை உண்டு: மாநில அணி, சுக்மா, காமன்வெல்த், ஒலிம்பிக். எம்எம்ஏ இன்னும் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

எம்எம்ஏயில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2015 டிசம்பரில் மணிலாவில் ‘ஒன்’ போட்டிக்கு எடை குறைக்க முயன்ற சீன வீரர் யாங் ஜியான் பிங் 21 வயதில் இறந்தார். அதன்பின் உடம்பின் நீரை வற்ற வைத்து எடை குறைப்பதை அந்நிறுவனம் தடை செய்து, வீரர்களின் நீர்ச்சத்தையும் சோதிக்கத் தொடங்கியது. எடை குறைக்கும் பழக்கம் குத்துச்சண்டையிலும் உண்டு.

சேர்க்கும் முன் கேளுங்கள்

எந்த விளையாட்டு என்பதைவிட யாரிடம் பயில்கிறான் என்பதே முக்கியம். பணம் கட்டும் முன் பெற்றோர் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பயிற்சி மோதலில் தலையில் பலமாகக் குத்த விடுகிறார்களா? புதியவரைப் பழையவரோடு மோத விடுகிறார்களா? தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு? மருத்துவர் சொல்லாமல் மீண்டும் களமிறக்குவார்களா? வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு எடை குறைக்கச் சொல்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் தராத பயிற்றுநரிடம் சிலம்பம் கற்கக்கூட நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.