ஆறாத சூளை!

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீ அணைந்ததாலேயே வேலை முடிந்தது என்று அவர் எண்ணமாட்டார். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டால், வெந்து முடிந்த சாமான் வெடித்துவிடும். பட்ட பாடெல்லாம் பாழ்! அதனால்தான் சூளை ஆறும்வரை காத்திருக்கிறார்.

மண்ணுக்குக் காட்டும் இந்தப் பொறுமையை மனிதனுக்குக் காட்டுகிறோமா? அதைத்தான் கேட்கிறோம்.

குடிநோய்க்காகவோ மனநோய்க்காகவோ மருத்துவமனையில் சில வாரம் இருந்த தோழர் ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலே டிஸ்சார்ஜ் சீட்டு. பையிலே சில நாளைக்கு மாத்திரை. "குணமாகிவிட்டது" என்கிறது குடும்பம். "நாளைக்கே வேலைக்குப் போ" என்கிறது வறுமை. "வா, வா" என்கிறது வழியிலுள்ள மதுக்கடை! மாத்திரை தீர்ந்ததும் "இனி எதற்கு?" என்று விட்டுவிடுகிறார். நோய் திரும்புகிறது. "திருந்தாத ஜென்மம்" என்று ஊர் தீர்ப்பளிக்கிறது.

இல்லை, தோழர்களே! திருந்தாதது அவரல்ல, ஏற்பாடு!

மனநல மருத்துவமனையை விட்டு வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். குடியை விட்டவர் மீண்டும் வழுக்குவதும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். மருத்துவ உலகம் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. ஆகவேதான் இங்கிலாந்தில் 72 மணி நேரத்துக்குள் நோயாளியைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலோ 7 நாளுக்குள் பார்த்தார்களா, 30 நாளுக்குள் பார்த்தார்களா என்று கணக்கெடுக்கிறார்கள்.

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது! 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 98-வது பிரிவு, நோயாளியை அனுப்புமுன் அடுத்த சிகிச்சையை அவரோடும் குடும்பத்தோடும் கலந்து திட்டமிடச் சொல்கிறது. 18-வது பிரிவு, மனநல சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலை வரை கொண்டுவரச் சொல்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

"கீழ்ப்பாக்கம் இருக்கிறதே!" என்பார்கள். 1794-ல் தோன்றிய பழம்பெரும் நிலையம், மதிக்கிறோம். ஆனால் அது இருப்பது 200 கிலோமீட்டருக்கு அப்பால்! ஒரு பட்டை மாத்திரைக்காக அன்றாடங்காய்ச்சி கூலியை இழந்து ரயிலேற முடியுமா?

மாத்திரை மட்டுமா? லித்தியம் உண்பவர் சூளையருகே நின்று வியர்வையாய்க் கொட்டினால், உடலில் நீரும் உப்பும் குறைந்து, இரத்தத்தில் அந்த மருந்து ஏறி நஞ்சாகக்கூடும். வேறு சில மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். இரத்தத்தைச் சோதிக்க, எச்சரிக்கை சொல்ல, அருகிலேயே ஒரு டாக்டர் வேண்டாமா?

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்டு 6! சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் உள்பட 28 பேர் தீயில் மடிந்தனர். வீட்டருகே சிகிச்சை கிடைக்காத குடும்பம் வேறெங்கே போகும்?

நாம் கேட்பது மாளிகை அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் அன்றே உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும். 7 நாளுக்குள் செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். தொடர் மாத்திரை இங்கேயே கிடைக்கட்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் 2021-ல் வீடு தேடி மருந்து அனுப்பத் தொடங்கிய மாநிலத்துக்கு இது ஆகாத காரியமா?

கிளைத் தோழர்களுக்கும் கடமை உண்டு. திரும்பி வந்தவரை முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். "குடிகாரன்", "பைத்தியம்" என்ற சொற்களை ஒழித்துவிட்டுப் போங்கள். சம்பள நாள் மாலையில் அவரோடு வீடுவரை நடந்து செல்லுங்கள். மனம் கலங்கும் இரவில் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணை அவருக்கு நினைவூட்டுங்கள்.

சூளை ஆறக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாம். தோழனின் மனம் ஆறவும் காத்து நிற்போம்!