திண்ணையும் அடுக்களையும்: மூத்தோர் உறவில் எல்லை பற்றிச் சில குறிப்புகள்

1

‘பெரியவங்க ஏதோ சொல்லிட்டாங்க, விடு.’ நம் வீடுகளில் அதிகம் புழங்கும் வாக்கியங்களில் இதுவும் ஒன்று. சொல்லப்பட்டது என்ன என்பதை ‘ஏதோ’ என்ற சொல் விழுங்கிவிடுகிறது. சொன்னவர் யார் என்பது ‘பெரியவங்க’ என்ற பொதுப்பெயருக்குள் ஒளிந்துகொள்கிறது. மிஞ்சுவது ‘விடு’ என்கிற ஏவல்தான். அதுவும் எப்போதும் கேட்டவரை நோக்கியே வருகிறது. சொன்னவரிடம் போய் ‘விடுங்க’ என்று யாரும் சொல்வதில்லை. குடும்பம் என்ற அமைப்பில் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை இந்த ஒரு வாக்கியத்தின் இலக்கணத்திலிருந்தே வாசித்துவிடலாம்.

நான் இதை வாசிக்க ஆரம்பித்தது புத்தகத்திலிருந்து அல்ல. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் உறவின் மாதங்கள். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று செய்தி வந்தால் போதும். வருடம் முழுக்க ஒரு போன்கூடப் பேசாதவர்களும் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து இறங்குவார்கள். இதில் குறைப்பட எதுவுமில்லை. அருவி எல்லாருக்கும் பொது. எங்கள் வீட்டுக்கு வருடா வருடம் வருகிறவர் அப்பாவின் மூத்த அக்கா. வந்தால் பதினைந்து நாள் இருப்பார். சின்ன வயதிலேயே தாலியறுத்தவர், தம்பிகளை ஆளாக்கியவர். நான் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது முதல் பருவக் கட்டணம் அத்தையின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டப்பட்டது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறும் கொடுமைக்காரியாக ஒருவரை எழுதிவிடுவது எளிது. கடன்பட்டவர்களிடம்தான் எல்லை என்பது பிரச்சினையாகிறது.

என் மகள் பிறந்த நாளிலிருந்து அத்தைக்கு அவள் நிறம் ஒரு பேச்சு. ‘இந்தக் கரிச்சட்டிய எவன் கட்டுவான்?’ என்பது காலைக் காப்பியோடு வரும். நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். என் மனைவி அடுக்களையில் நிற்பாள். அவளுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கேட்டது என்று அவளுக்கும் தெரியும். ஒரு சாரலில், ஏழு வயதான மகள் ஐந்தருவியில் உதடு நீலம் பாரிக்கிற வரை நின்றுவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது கேட்டாள்: ‘அப்பா, இன்னும் ரொம்ப நேரம் நின்னா கருப்பு போயிருமா?’ வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ‘ஆறு வருசமா நான் சொன்னது உங்க காதுல விழல. இப்ப பிள்ளை சொன்னதும் விழுந்துட்டு’ என்றாள்.

2

ஏன் விழவில்லை? அதிகாரம் பற்றியெல்லாம் கூட்டங்களில் பேசுகிறவன் நான். மேடையில் வருகிற வாய் வீட்டில் ஏன் வரவில்லை?

கருத்தியல் தனிமனிதரை ‘விளித்து’த் தன்னிலையாக ஆக்குகிறது என்று அல்தூசர் 1970இல் எழுதினார். தெருவில் ‘ஏய்’ என்று போலீஸ்காரர் கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் நான் அந்த அழைப்புக்கு உரியவனாகிவிடுகிறேன். தமிழ்க் குடும்பத்துக்கு இந்த உதாரணம் போதாது. நமக்குப் போலீஸ்காரர் தேவையில்லை. உறவுப்பெயரே போதும். ‘ஏ அய்யா’ என்று அத்தை கூப்பிட்ட மாத்திரத்தில் முப்பத்தைந்து வயதுக்காரன் எட்டு வயதுப் பிள்ளையாகிவிடுகிறான். உறவுப்பெயர் வெறும் பெயரல்ல. அது ஒரு இடம். அந்த இடத்தில் நின்றால் என்ன பேசலாம், எந்தக் குரலில் பேசலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ‘ஒன்னத் தூக்கி வளத்த கையி’ என்ற வாக்கியம் கடன் பத்திரத்தின் வேலையைச் செய்கிறது. அதில் அசல் எவ்வளவு, எந்தத் தேதியில் அடையும் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்காது.

3

நம் மரபில் எல்லையே கிடையாது, எல்லாரும் எல்லாருக்குள்ளும் கரைந்து கிடந்தோம், ‘தனி’ என்பது மேற்கத்திய நோய் என்று சொல்கிறவர்கள் உண்டு. இது பிழை.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரை ஒன்றில் கேலி உறவு, ஒதுங்கல் உறவு என்ற இரண்டைப் பற்றிப் பேசுகிறார். சில உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் கேலி செய்தே ஆக வேண்டும். வேறு சிலர் ஒருவரையொருவர் நேர்கொள்ளாமல் ஒதுங்கியே ஆக வேண்டும். ஒதுங்குவது பகை அல்ல, அது மரியாதையின் உச்சவடிவம் என்பது அவர் வாதம். முரண்பட வாய்ப்புள்ள இடத்தில் சமூகம் முன்கூட்டியே ஒரு இடைவெளியை வைத்துவிடுகிறது.

நம் வீடுகளுக்குள் இதைப் பொருத்திப் பாருங்கள். மச்சானும் மச்சானும் கேலி பேசலாம். அத்தை மகளை வாய்க்கு வந்தபடி கிண்டலடிக்கலாம். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது ஒரு தலைமுறைக்கு முன்புவரை வழக்கமில்லை. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று, ‘மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமான்னு கேளு’ என்று மூன்றாம் ஆள் வழியாகத்தான் பேசுவார். மாமனார் வீட்டில் மருமகனின் இடம் திண்ணையும் பட்டாசலும். அடுக்களைக்குள் அவன் போவதில்லை. அவனுக்குள் மாமியாரும் போவதில்லை. இதைவிடத் துல்லியமான எல்லையை எந்த மனநல மருத்துவர் வகுத்துத் தர முடியும்?

இப்போது மருமகள் பக்கம் திரும்பினால் இந்த ஏற்பாடு அப்படியே காணாமல் போகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கதவு இல்லை. ஒரே அடுக்களை, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்ப்பானை. முரண்பாடு அதிகம் வெடிக்கக்கூடிய இடம் எதுவோ அங்கேதான் ஒதுங்கல் விதி எழுதப்படவில்லை. நாத்தனார், மாமியாரின் அக்கா, ஊரிலிருந்து வருகிற பெரியத்தை எல்லாருக்கும் அந்த அடுக்களைக்குள் நுழைய உரிமையுண்டு. நுழைகிறவளைத் தடுக்க மருமகளுக்கு ஒரு நடைகூட இல்லை. ஆக, எல்லை நமக்குத் தெரியாத விஷயமல்ல. அதை ஆணுக்குக் கொடுத்துப் பெண்ணுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம். நான் திண்ணையில் இருந்ததும் அவள் அடுக்களையில் இருந்ததும் தற்செயல் இல்லை.

4

எல்லை கொடுக்கப்படாத பெண் பழைய காலத்தில் என்ன செய்தாள்? தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பதில் இருக்கிறது. செங்கோட்டை ஆவுடையக்காள்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படுகிறார். பால்ய விதவை. திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாளிடம் உபதேசம் பெற்றார் என்பதும், விதவைக்கு வகுத்த கட்டை மீறியதால் ஊரும் உறவும் அவரை விலக்கின என்பதும் வாய்மொழி மரபு. ஊர் ஊராகத் திரிந்து திரும்பி வந்தவர், ஒரு ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் குளித்துவிட்டு மலையேறியவர் திரும்பவில்லை என்று கதை முடிகிறது. அவருடைய அத்வைதப் பாடல்களை எழுத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரி முக்கியமானவர். அதற்கு முன் அவற்றைக் காப்பாற்றி வைத்தது பெண்களின் வாய்தான். மடி, ஆசாரம், எச்சில், தீட்டு என்று பெண்ணுடம்பின்மேல் மூத்தோர் கீறிய கோடுகளையெல்லாம் அந்தப் பாடல்கள் கேள்வி கேட்கின்றன. 2012இல் காஞ்சனா நடராஜன் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலின் தலைப்பே ‘எல்லை மீறல்’ என்ற பொருளில்தான் இருக்கிறது.

ஆவுடையக்காளைக் கொண்டாடுவதோடு நின்றுவிடக் கூடாது. அவர் கதையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு இடங்கள்தான் உண்டு: ஒன்று வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து கீழ்ப்படிவது, இன்னொன்று வெளியேறி மலையில் மறைவது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, ‘இது வரைதான்’ என்று சொல்லக்கூடிய மூன்றாவது இடம் அந்தக் கதையில் இல்லை. சாதாரண வீடுகளிலும் இதே இருமைதான். ‘அனுசரிச்சுப் போ’ என்பார்கள். முடியாவிட்டால் ‘ஒட்டும் இல்லை, உறவும் இல்லை’ என்று வெட்டிக்கொள்வார்கள். ஒரே வளவுக்குள் முப்பது வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்ந்து செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்டுவதும் பெரும்பாலும் ஆண்கள்தான். வெட்டிய வீட்டுக்குக் கொல்லைப்புறமாகக் குழம்புக் கிண்ணம் கொண்டுபோவது பெண்களின் வேலை.

5

எல்லை என்பது இந்த மூன்றாவது இடம். அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வாக்கிய வேறுபாடு உதவும். ‘நீங்க இப்படிப் பேசக்கூடாது’ என்பது கட்டளை. எழுபத்தைந்து வயதுக்காரரின் வாயை நான் ஆள முடியாது. ஆள நினைத்தால் அவர் செய்ததையே நானும் செய்தவனாவேன். ‘நீங்க இப்படிப் பேசினா, நான் எந்திரிச்சுப் போயிருவேன்’ என்பது எல்லை. முதல் வாக்கியத்தின் செயல் அவர் கையில் இருக்கிறது. இரண்டாவதன் செயல் என் கையில் இருக்கிறது. சொன்னபடி எழுந்து போகாவிட்டால் அது வெறும் மிரட்டல். தினமும் மிரட்டினால் அதுவும் காலைக் காப்பியோடு சேர்ந்துவிடும்.

எதற்கு எல்லை, எதற்கு இல்லை என்பதும் தெளிவாக வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளுக்குக் கடமை வகுக்கிறது. பிள்ளையில்லாத மூத்தோர் என்றால், அவர் சொத்தை வைத்திருக்கிற அல்லது அடையப்போகிற உறவினருக்கும் அது பொருந்தும். கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். பராமரிக்க வேண்டிய மூத்தவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தில் பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். கீழ்ப்படிதல் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு பக்கம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வாய்ச்சொல்லால் இழிவுபடுத்துவதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. மூத்தோர் சட்டத்தைக் காட்டி மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றும் முயற்சிகள் நடந்தபோது, அவளுடைய குடியிருப்பு உரிமையை அந்தச் சட்டம் அப்படியே தள்ளிவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சோறும் மருந்தும் மூத்தோரின் உரிமை. இழிசொல் யாருடைய உரிமையும் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘எல்லை’ என்ற சொல் கிழவர்களைத் தள்ளிவைக்க ஒரு நாகரிகமான சாக்காகவும் ஆகலாம். தலைக்கூத்தல் என்ற சொல்லைத் தெரிந்த தென்மாவட்டக்காரர்கள் நாம். சுமையாகிப் போன முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவதற்கும் ஒரு பேர் வைத்த மண் இது. யாரிடம் பலம் இருக்கிறது என்று பார்க்காமல் எல்லை பேசினால் அந்தக் கோடு பலவீனர் மேல்தான் விழும்.

குற்றாலத்துப் பேரருவியில் பாதிப் பாறையில் பொங்குமாங்கடல் என்ற பெரிய குழி இருக்கிறது. மேலிருந்து வருகிற தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. அந்தக் குழிக்குள் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. வெள்ளம் கூடிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸார் குளிக்கத் தடை போடுகிறார்கள். அன்றைக்கு யாரும் அருவி கோபித்துக்கொள்ளும் என்று நினைப்பதில்லை. தடை நீங்கியதும் திரும்பப் போகிறோம்.

6

அன்று சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். ‘அத்தை, பிள்ளை நிறத்தப் பத்தி நீங்க பேசினா, நாங்க மூணு பேரும் எந்திரிச்சு வெளிய போயிருவோம். மறுபடியும் பேசினா அடுத்த சாரலுக்குக் கூப்பிட மாட்டேன். மருந்துக்கு அனுப்புற பணம் எப்பவும் போல வரும்.’ குரல் நடுங்கியது. ‘ஒன்னப் படிக்க வச்சதுக்கு நல்ல கைம்மாறு’ என்றார். மறுநாள் விடியுமுன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். படிச்ச திமிர், பெண்டாட்டிதாசன் என்று ஒரு மாதம் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தது. அப்பா என்னிடம் பேசவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு துஷ்டி வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது. ‘பிள்ளை வரலயா?’ என்று மட்டும் கேட்டார். நம் மரபில் ‘நல்லது கெட்டது’க்கு மட்டும் என்று ஒரு உறவு உண்டு, வெட்டுக்கும் ஒட்டுக்கும் இடையில் நாம் ஏற்கெனவே வைத்திருக்கிற ஒரே பாலம் அதுதான் என்று அப்போது தோன்றியது. அடுத்த ஆடியில் நானே போய் அழைத்து வந்தேன். பதினைந்து நாள் என்பது மூன்று நாளானது. இரண்டாம் நாள் ‘இந்தக் கரி...’ என்று ஆரம்பித்தவர், நாங்கள் எழுவதைப் பார்த்து, ‘சரி சரி, உக்காருங்க’ என்றார்.

இதை வெற்றியாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் சொன்னதால் நடந்தது. மூத்த தம்பியின் மகன் என்ற என் இடத்திலிருந்து சொன்னதால் நடந்தது. அதே வாக்கியத்தை என் மனைவி அடுக்களையிலிருந்து சொல்லியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவள் அவளாகவே இருந்திருப்பாள். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் எல்லை என் அதிகாரத்தில் அவள் வாங்கிய கடன். அவள் தன் குரலில் அதைச் சொல்லி, அதற்குப் பிறகும் அந்த வீட்டிலேயே இருக்க முடிகிற நாளில்தான் அது அவளுடைய எல்லையாகும். அதுவரை காலையில் அத்தை காப்பி குடிக்கும்போது நான் பேப்பரைத் திண்ணையில் படிப்பதில்லை. அடுக்களை நடையில் உட்கார்ந்து படிக்கிறேன்.