பட்டம் தரும் அதிகாரம்

ஒரு கல்லூரியில் படிக்கும் மாணவருக்குப் பாடம் நடத்துவது அந்தக் கல்லூரி. பட்டம் தருவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் எடுத்து, தாங்களே விடைத்தாள் திருத்தினாலும், பட்டச் சான்றிதழின் தலைப்பில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அதே நிறுவனம் பல்கலைக்கழகமாகிவிட்டால் நிலைமை முழுக்க மாறுகிறது. பாடத்திட்டம் வகுப்பது, கட்டணம் வாங்குவது, தேர்வு வைப்பது, தேறினார் என்று சான்றளிப்பது எல்லாம் ஒரே கைக்கு வந்து சேர்கின்றன. மேலே இன்னொரு கண் இல்லை. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க ஏன் இத்தனை படிகள், இத்தனை நிபந்தனைகள் என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நிபந்தனைகள் கூடாது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. அவை தவறான இடத்தில் குவிந்திருக்கின்றன என்பதுதான் என் குறை.

இந்தியாவில் யார் வேண்டுமானாலும் கற்பிக்கலாம். பட்டம் தர மட்டும் எல்லாராலும் முடியாது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், பிரிவு 22இல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், பிரிவு 3இன் கீழ் மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகிய மூன்று மட்டுமே பட்டம் தரலாம். பிரிவு 23, சட்டப்படி அமையாத எந்த நிறுவனமும் ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. மீறினால் என்ன தண்டனை? பிரிவு 24இன்படி அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். 1956இல் அது ஒரு தொகை. இன்று ஒரு தேர்வுக் கட்டணத்துக்கே காணாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு திரும்பத் திரும்ப வெளியிட வேண்டியிருப்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பெரிய நிறுவனங்கள் பலவும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவற்றுக்கு அந்தத் தகுதியைத் தந்தது மத்திய அரசு. சட்டமன்றத்தின் வழியாகப் பிறக்கும் மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் வேறு வகை. இந்தக் கட்டுரை பேசுவது அதைப் பற்றி.

சட்டமன்றத்தின் வழியாக என்ற நிபந்தனை எவ்வளவு கனமானது என்பதைச் சத்தீஸ்கர் காட்டியது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பல்கலைக்கழகங்களை நிறுவுவது மாநிலப் பட்டியலின் 32ஆம் இனத்தில் இருக்கிறது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலின் 66ஆம் இனத்தில் இருக்கிறது. 2000இல் பிறந்த சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் இயற்றியது. திட்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்தால், அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டே அரசு பல்கலைக்கழகத்தை நிறுவிவிடலாம் என்றது அந்தச் சட்டம். அவையில் விவாதம் வேண்டியதில்லை. தனிச் சட்டமும் வேண்டியதில்லை. ஏறக்குறைய ஓராண்டுக்குள் 112 பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமோ வளாகமோ கிடையாது. ஒற்றை அறையில் இயங்கியவையும் உண்டு. விஞ்ஞானியும் மானியக் குழுவின் முன்னாள் தலைவருமான பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பு, அறிவிக்கை வழியே பல்கலைக்கழகம் அமைக்க இடம்தந்த பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. கட்டடமும் ஆசிரியரும் நூலகமும் ஆய்வகமும் இல்லாமல் தாளில் மட்டும் இருக்கும் ஒன்றைப் பல்கலைக்கழகம் என்று அழைக்க முடியாது என்பதே அதன் சாரம். அதுவரை பணம் கட்டிச் சேர்ந்திருந்த மாணவர்களுக்காக, அந்த நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி பார்க்கும்படி மாநில அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைய நடைமுறையின் எலும்புக்கூட்டை மானியக் குழுவின் 2003ஆம் ஆண்டு விதிமுறைகளில் பார்க்கலாம். ஒவ்வொரு தனியார் பல்கலைக்கழகமும் தனிச் சட்டத்தால் அமைய வேண்டும். வேறு கல்லூரிகளை இணைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாண்டு நடத்திக் காட்டிய பிறகே, அதுவும் முன் அனுமதியோடுதான், வளாகத்துக்கு வெளியே மையம் திறக்கலாம். விண்ணப்பிப்பவர் தனிமனிதராக இருக்க முடியாது. அறக்கட்டளையோ பதிவு பெற்ற சங்கமோ லாப நோக்கற்ற நிறுவனமோ முன்வர வேண்டும். பொதுவாக மாநிலங்களில் நடப்பது இதுதான்: திட்ட அறிக்கையை ஒரு குழு பரிசீலிக்கும், திருப்தியானால் அரசு நோக்கக் கடிதம் தரும், குறித்த கெடுவுக்குள் நிலம், கட்டடம், நிரந்தர வைப்புநிதி எல்லாவற்றையும் காட்ட வேண்டும், அவற்றை நேரில் பார்த்த பிறகே மசோதா அவைக்கு வரும். மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு அந்தந்த ஆணையம், மன்றத்தின் அனுமதி தனி. இப்படி வந்த மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் நாடெங்கும் 400ஐத் தாண்டிவிட்டன.

இந்த நிபந்தனைகளில் அதிகம் பேசப்படுவது நிலம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம், ஒரே தொகுப்பாக 100 ஏக்கர் கேட்டது. ஹரியானாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி எல்லைக்குள் 10 ஏக்கரும் வெளியே 20 ஏக்கரும் போதும் என்றது. சென்னைக்கோ கோவைக்கோ அருகே 100 ஏக்கரை ஒரே துண்டாக வாங்கக்கூடியவர் யார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நிலத்தை முதல் தகுதியாக வைத்தால், கல்வியில் ஈடுபாடு உள்ளவரைவிட நிலத்தில் பணம் போட்டவரே எளிதாக உள்ளே வருவார். சத்தீஸ்கருக்குப் பின் ஏக்கர் கணக்கு எல்லாருக்கும் பிடித்துப்போனதற்குக் காரணம், அதை அளக்க முடிகிறது. தாசில்தார் சான்று தந்தால் போதும். நிரந்தரப் பணியில் எத்தனை பேராசிரியர்கள், அவர்களுக்கு மாதாமாதம் என்ன சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது என்பதையும் அளக்க முடியும். ஆனால் அதை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்த முடியாது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஆகவே ஏக்கரைக் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. குறைத்த இடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்த வாதம் உரிமை பற்றியது. 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவதைத் தொழில் செய்யும் உரிமைக்குள் சேர்த்தது. அதைக் காட்டி, அரசு குறுக்கே நிற்கக் கூடாது என்கிறார்கள். அதே தீர்ப்பு கொள்ளை லாபத்தை ஏற்கவில்லை. வளர்ச்சிக்கான நியாயமான உபரி மட்டும் இருக்கலாம் என்றது. என் பார்வையில் இங்கே இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. கற்பிப்பது குடிமகனின் உரிமை. பட்டம் தருவது சட்டமன்றம் கொடுத்துவைக்கும் அதிகாரம். அந்தப் பட்டத்தை நம்பித்தான் அரசுத் தேர்வாணையமும் மருத்துவமனையும் வெளிநாட்டுத் தூதரகமும் முடிவெடுக்கின்றன. தரமில்லாதது தானாகவே மாணவரின்றி மூடிவிடும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பதும் சரியாக வரவில்லை. சட்டை சரியில்லை என்றால் அடுத்த முறை கடை மாறலாம்; மூன்று நான்கு ஆண்டுகளையும் அப்பாவின் சேமிப்பையும் கொடுத்து வாங்கிய பட்டத்தை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு, வேலையில் இருந்துகொண்டே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் தொலைநிலையில் பொறியியல் படித்தவர்களைப் பற்றியது. முன் அனுமதி இல்லாமல் நடத்திய படிப்பு என்று கண்ட நீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து மறுதேர்வு எழுதச் சொன்னது. பின்னால் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பதினைந்து ஆண்டு கழித்து, பதவி உயர்வு பெற்ற நடுவயதுக்காரர்கள் தேர்வறைக்குத் திரும்ப நேர்ந்தது. தவறு நிறுவனத்துடையது, தண்டனை படித்தவருக்கு.

தொடங்கும்போது வாங்கும் உறுதிமொழியைவிடத் தொடங்கிய பிறகான கண்காணிப்பில் எனக்கு அக்கறை அதிகம் இருப்பது இதனால்தான். மத்தியப் பிரதேசமும் ஹிமாச்சலும் தனியார் கல்விக்கென ஒழுங்குமுறை ஆணையங்கள் அமைத்தன. அப்படியிருந்தும் ஹிமாச்சலின் சோலன் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்று பட்டங்களை விற்றதாக வழக்கு எழுந்தது. ஆணையம் இருந்தால் மட்டும் போதாது, தேர்வுப் பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரமும் ஆட்களும் அதற்கு வேண்டும். கலைப்பு பற்றிய பிரிவும் இதே அளவு முக்கியம். பல மாநிலச் சட்டங்களில், கடைசியாகச் சேர்ந்த அணி படிப்பை முடிக்கும்வரை பல்கலைக்கழகத்தை மூட முடியாது என்ற விதி உண்டு. வைப்புநிதி இருப்பதும் இந்த நாளுக்காகத்தான். இருபது ஆண்டு கழித்து ஒருவர் மதிப்பெண் பட்டியலின் நகலுக்காக வந்து நிற்கும்போது, மூடிய பல்கலைக்கழகத்தின் பதிவேடு யாரிடம் இருக்கும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில் நிறைவேறிய திருத்த மசோதா நிலத்தை மாநகராட்சியில் 25, நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கராகக் குறைத்தது. பெரிய சர்ச்சை அதனால் எழவில்லை. இயங்கிவரும் கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாறலாம் என்ற பிரிவுதான் பேராசிரியர்களையும் மாணவர் அமைப்புகளையும் கட்சிகளையும் கிளர்ந்தெழச் செய்தது. மசோதாவை மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. அந்த எதிர்ப்பு சரியே. உதவி பெறும் கல்லூரியின் ஆசிரியர் சம்பளத்தைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருவது அரசுக் கருவூலம். அங்கே இடஒதுக்கீட்டில் சேர்ந்து, குறைந்த கட்டணத்தில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியானவர்கள் ஏராளம். அந்தப் பணியிடங்களும் இடங்களும் கட்டணமும் மாறிய பிறகு என்னவாகும் என்பதற்கு, எந்தத் திருத்தம் எப்போது வந்தாலும், அதன் பிரிவுகளுக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். அமைச்சர் அவையில் தரும் வாய்மொழி உறுதியை எடுத்துக்கொண்டு எந்த மாணவரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.