கொலைகாரரை வென்ற மூதாட்டி

கொலையைக் கண்டு சிரிக்கலாமா? சிரிக்கலாம் என்று காட்டியது, 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈலிங் படநிலையம் தந்த 'த லேடிகில்லர்ஸ்' என்னும் படம். இயக்கியவர் அலெக்சாந்தர் மக்கென்ட்ரிக். எழுதியவர் வில்லியம் றோஸ். கதையைக் கனவிற் கண்டதாக அவர் கூறினார்.

இலண்டன் கிங்ஸ் குறொஸ் புகையிரத நிலையத்தின் அயலிலே கிளிகளுடன் வாழ்கிறாள் வில்பர்போர்ஸ் என்னும் விதவை மூதாட்டி. அவள் வீட்டில் அறை வாடகைக்குக் கொள்கிறார் பேராசிரியர் மார்க்கஸ். வாத்தியப் பெட்டிகளுடன் நண்பர் நால்வரும் வருகின்றனர். உள்ளே இசைத்தட்டுப் பாட, அவர்கள் கொள்ளைக்குத் திட்டமிடுகின்றனர். களவாடிய 60,000 பவுணை நிலையத்திலிருந்து எடுத்து வருபவள், ஏதுமறியாத அம்மூதாட்டியேதான்!

வாத்தியப் பெட்டியொன்று கதவில் அகப்பட, நோட்டுகள் வெளியிற் கொட்டுகின்றன. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி, பள்ளிப் பிள்ளைகளைக் கண்டிப்பதுபோல் அவர்களைக் கண்டிக்கிறாள் மூதாட்டி. அவளுடைய தோழியர் வந்ததும், கொள்ளையர் ஐவரும் அக்கிழவிகளுடன் அமர்ந்து தேநீர் அருந்த நேர்கிறது! அவளைக் கொல்லச் சீட்டுக் குலுக்கியும் எவனுக்கும் கை வரவில்லை. ஒருவரையொருவர் மாய்த்துக்கொள்கின்றனர், உடல்களோ வீட்டின் பின்னே செல்லும் சரக்கு வண்டியில் விழுகின்றன.

மூதாட்டியின் நல்லொழுக்கத்தைப் படம் ஏளனஞ் செய்யவில்லை. நமது சிரிப்பு, அவ்வொழுக்கத்தின் முன் கொடியவர் படும் அவஸ்தையைக் கண்டே பிறக்கிறது.

பேராசிரியராக வந்த அலெக் கின்னஸ், நம் நாட்டுக் கித்துல்கலவிற் படமாக்கப்பட்ட 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்தின் கேணலும் ஆவார். கொள்ளையராக வந்த பீற்றர் செல்லர்சும் ஹேர்பேர்ட் லோமும், 1964ஆம் ஆண்டின் 'எ ஷொட் இன் த டார்க்' படத்திற் பொலிஸ் அதிகாரிகளாய் மீண்டும் இணைந்து சிரிப்பூட்டினர்.

அமெரிக்காவின் கொயென் சகோதரர் 2004இல் ரொம் ஹாங்சைக் கொண்டு இக்கதையை மிசிசிப்பி மாநிலத்துக்கு மாற்றிப் படமாக்கினர். அதில் வசை மிகுந்தது. தேநீர்க் கிண்ணத்தின் முன் திருடர் நடுங்கும் சுவை குறைந்தது. அச்சகோதரரே 1996இல் எடுத்த 'பார்கோ', வேறு கதையாயினும், பழைய படத்துக்கு நெருங்கிய உறவென்போம். அங்கே பேராசைக்காரரைப் பிடிப்பவள், இன்முகம் மாறாத ஒரு கர்ப்பிணிப் பொலிஸ் அதிகாரி. 2011இல் மூலக்கதை இங்கிலாந்தில் மேடையேறவும் செய்தது.

மூதாட்டியாக நடித்த கேற்றி ஜோன்சன், நெடுங்காலம் சிறு வேடங்களையே தாங்கியவர். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 77. பிரித்தானியத் திரைப்படக் கழகம் சிறந்த பிரித்தானிய நடிகை விருதை அவருக்கே வழங்கியது. 1957இற் காலமானார். அவர் கடைசியாக நடித்தது, பணக்கார மாமனைக் கொல்லும் வழி பற்றிய மற்றொரு நகைச்சுவைப் படம்!