வாடகைக் கார் எடுக்கும் வணிகர்கள் கவனத்திற்கு



கல்யாணம், காதுகுத்து, கொள்முதல், புதுச்சேரியில் அலுவலக வேலை என்று நம்மவர்கள் வாடகைக் கார் எடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. ஒரு காலத்தில் வாடகைக் கார் என்றாலே அம்பாசடர்தான். அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று எர்டிகா போன்ற ஏழு பேர் அமரும் நடுத்தரக் குடும்பக் கார்கள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் வாங்கி நாமே ஓட்டிச் செல்லும் வசதியும் உண்டு. அவ்வகைக் கார் ஒன்றைப் பூவத்திலிருந்து புதுச்சேரி வரை ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவற்றையும், வண்டி எடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே தருகிறோம்.

ஓட்டம் எப்படி?

பூவத்தை அடுத்து நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர், சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர்.

இரண்டு பேர் மட்டும் ஏறினால் வண்டி பூப்போல ஓடுகிறது. ஸ்டீயரிங் இலகு, சத்தம் குறைவு, ஏசி நன்றாகக் குளிர்கிறது. ஏழு பேரும் ஏறிவிட்டால் அதுவே வேறு வண்டி! ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் 455 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை 18 ஏற்றியதற்குச் சமம். லாரியை முந்த வேண்டுமானால் ஒரு கியர் குறைத்தால்தான் இழுவை வருகிறது. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடுகிறது. வேகத்தடைகளில் மூன்றாவது வரிசையில் இருப்பவரைத் தூக்கிப் போடுகிறது. ஆகவே முதியோரை நடு வரிசையில் அமர்த்துவது நன்று.

அறுவடைக் காலத்தில் நம் பகுதிச் சாலைகளில் நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணிமேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். அங்கே திடீர் பிரேக் கூடாது. முழுப் பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றடித்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்தபோது பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தார் என்றே போலீசார் தெரிவித்தனர்.

ஏழு இருக்கை இருந்தாலும் ஏழு பேரின் பெட்டிகளுக்கு இடம் இராது. எர்டிகாவில் பின்வரிசை நிமிர்ந்திருந்தால் சாமான் இடம் 209 லிட்டர்தான். மடக்கினால் 550 லிட்டர். பெட்டிகளோடு போவதென்றால் ஐந்து பேருக்கான வண்டி என்றே கணக்கு வையுங்கள்.

நம்பர் பலகையைப் பாருங்கள்

வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகக் கார். மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி. கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்ட வாடகைக்கு விடும் கார். மின்சாரக் கார்களுக்குப் பச்சைப் பலகை.

தெரிந்தவர் காராயிற்றே, வாடகையும் மலிவு என்று வெள்ளைப் பலகைக் காரை எடுப்பவர்கள் உண்டு. சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கு விடுவது விலக்கப்பட்டிருக்கிறது. விபத்து நேர்ந்தால் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். பத்து நாள் வியாபார லாபம் ஒரே நாளில் போய்விடும்.

நம் காரைக்கால் வண்டிகள் பி.ஒய். 02 பதிவு. எந்தப் பக்கம் போனாலும் எல்லை தாண்ட வேண்டியவர்கள் நாம். டாக்ஸிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் தமிழ்நாட்டு வரியை யார் கட்டுவது என்று புறப்படுமுன்பே பேசி முடியுங்கள்.

சரக்கு ஏற்றலாமா?

கொள்முதலுக்குப் போன இடத்தில் நாலு மூட்டை மிளகாயையும் பின்னால் போட்டுக்கொண்டு வருவோமே என்று தோன்றும். கூடாது. இது ஆள் ஏற்றும் வண்டி. சொந்தக் கார் பாலிசியிலேயே சாம்பிளும் சொந்தப் பெட்டியும் தவிர வேறு சரக்குக்கு இடமில்லை. சரக்கை லாரி புக்கிங்கில் போடுங்கள்.

வாடகைக் கணக்கு

வண்டியை வாங்கும்போது டாங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஒப்படைக்குமுன் மறுபடி நிரப்புங்கள். 270 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 15. பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் காரைக்காலில் குறைவு. எல்லை தாண்டுமுன் போடுவது லாபம். ஏற்கெனவே உள்ள கீறல்களை உரிமையாளர் எதிரிலேயே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், மிஞ்சினால் என்ன கட்டணம், முன்பணம் எப்போது திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள்.

குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் ஒரு மூட்டையும் எடுப்பதில்லை. குடும்பத்தையே ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள்.