உடலுக்குள் நடக்கும் பதனிடல்

செஞ்சிக்கோட்டையைச் சூழ்ந்த பாறைக்குன்றுகளின் சரிவுகளிலும், மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உள்ள தளவானூரை ஒட்டிய மேட்டுநிலங்களிலும் தானாக முளைத்து மஞ்சளாகப் பூக்கும் ஆவாரைக்கு இரு பயன்கள் உண்டு. அதன் பூவை நாட்டு மருத்துவம் நீரிழிவுக்குக் கொடுக்கிறது. அதன் பட்டையைக் கொண்டு திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரத் தோல் தொழில் நெடுங்காலமாகப் பச்சைத்தோலைப் பதனிட்டு வந்திருக்கிறது. நீரிழிவும் பதனிடலும் தொடர்பற்றவைபோலத் தோன்றினாலும், இரண்டும் கொலாஜன் என்னும் ஒரே புரதத்தின்மீதுதான் தம் வேலையைக் காட்டுகின்றன.

தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு, இரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தரும் இழைப்புரதமான கொலாஜனின் வடிவத்தை அறிந்ததில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து கணித்து, மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்த முப்புரி அமைப்பே கொலாஜன் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினர். இந்த முப்புரிகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டு இழையாகும்போது, அடுத்தடுத்த மூலக்கூறுகளை ஒரு நொதி அளவறிந்து ஆங்காங்கே இணைக்கிறது. அந்தக் குறுக்குப் பிணைப்புகள் இல்லையேல் தோலும் தசைநாணும் இழுவிசையைத் தாங்கமாட்டா.

சர்க்கரை இடும் பிணைப்புக்கு இத்தகைய அளவோ இடமோ இல்லை. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், நொதியின் துணையின்றியே புரதத்தின் லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தொடக்கத்தில் எளிதில் பிரியக்கூடிய இக்கூட்டு, சில வாரங்களில் அமடோரி விளைபொருள் எனப்படும் நிலையான வடிவத்தை அடைந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்ல உருமாறி, பக்கத்து மூலக்கூறின் ஆர்ஜினினையும் பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்த இந்த வினைத்தொடர்தான், சுடும்போது ரொட்டியின் மேற்புறத்தைப் பழுப்பாக்குவதும். ஆவாரம்பட்டையின் டானின்கள் பச்சைத்தோலின் கொலாஜனைப் பிடித்து அழுகாமல் காப்பதை இதனோடு ஒப்பிடலாம் என்றாலும், டானினின் பிடி பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஆனது. சர்க்கரையின் பிடியோ அதைவிட வலிய சகப்பிணைப்பு. பதனிட்ட தோலை நுண்ணுயிர்களின் நொதிகள் எளிதில் செரிக்க முடியாததுபோலவே, சர்க்கரை ஏறிய கொலாஜனை உடலின் சொந்த நொதிகளாலும் எளிதில் வெட்டி அகற்ற இயலுவதில்லை. பழுது நீக்கும் வழியையே பழுது அடைத்துவிடுகிறது. இவ்வினையின் முக்கியக் கேடுகளில் இது ஒன்று எனலாம்.

எனவே ஒரு புரதம் எவ்வளவு காலம் உடலில் தங்குகிறது என்பதே அதில் சேரும் சேதத்தின் அளவை முடிவு செய்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களில் அழிந்துவிடுவதால், அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கை மட்டுமே சொல்கிறது. தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் 1960களின் இறுதியில் கண்டறிந்த உண்மையிலிருந்து வளர்ந்த அந்த ஹெச்பிஏ1சி சோதனை இன்று சிற்றூர்வாசிகளுக்கும் 'மூணு மாச சுகர்' என்று பழகிவிட்டது. தோலின் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்படவே சுமார் 15 ஆண்டுகள் ஆகும். மூட்டுக் குருத்தெலும்பில் அது நூறாண்டைக் கடக்கிறது. நீண்டகால நீரிழிவு உள்ள சிலர் கைகூப்பும்போது விரல்கள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தாமல் நடுவில் இடைவெளி விழுவதற்கு, சர்க்கரைப் பிணைப்புகளால் கொலாஜன் இறுகுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கருவி ஏதும் வேண்டாத இச்சோதனையை மருத்துவர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம்.

மனிதத் திசுவில் மிகுதியாகக் காணப்படும் சர்க்கரைப் பிணைப்பு குளுக்கோசெபேன் என்பதாகும். டேவிட் செல், வின்சென்ட் மோனியே குழுவினர் 2005இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 90 வயதினரின் தோலில் ஐந்து கொலாஜன் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற விகிதத்திலும், நீரிழிவு உள்ளவர்களிடம் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்திலும் இது காணப்பட்டது. சர்க்கரைப் பிணைப்புகளை அவிழ்க்கும் மருந்து கிடைத்துவிட்டதாக 1990களில் எழுந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. அலஜீப்ரியம் என்ற மருந்தின் மனிதச் சோதனைகள் பாதியில் நின்றன. அது குறிவைத்த பிணைப்பு வகை வேறு, குளுக்கோசெபேனின் அமைப்பு வேறு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2015இல் குளுக்கோசெபேனை ஆய்வகத்திலேயே தொகுத்த பிறகுதான், அதை வெட்டும் நொதிகளைத் தேடுவதற்குத் தேவையான தூய பொருள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. ஆவாரம்பூக் குடிநீர் உருவாகிவிட்ட பிணைப்பைப் பிரிக்கும் என்பதற்கும் சான்று இல்லை.

இதுவரை உறுதியாகக் காட்டப்பட்டிருப்பது இப்பிணைப்புகள் சேரும் வேகத்தைக் குறைக்கும் வழி ஒன்றே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவாளர்களிடம் நடந்த பெரும் ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரின் தோல்துணுக்குகளைச் சோதித்தபோது, இரத்தச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களின் கொலாஜனில் சர்க்கரை விளைபொருள்கள் குறைவாக இருந்தன. அவை மிகுந்திருந்தவர்களிடம் கண், சிறுநீரக, நரம்புச் சிக்கல்களும் மிகுந்திருந்தன.