ஆய்வுக் கட்டுரை கட்டணம் கேட்டால் பெற்றோர் என்ன செய்யலாம்?

குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் பெற்றோர் பலர் கைப்பேசியில் நோயின் பெயரைத் தேடுகின்றனர். தேடல் ஏதேனும் ஓர் ஆய்விதழின் பக்கத்தில் சென்று நிற்கும். கட்டுரையின் சுருக்கம் மட்டும் கண்ணில் படும். முழுவதையும் படிக்க 30 டாலரோ அதற்கு மேலோ செலுத்துமாறு அறிவிப்பு வரும். பெரும்பாலோர் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். இடர் அங்குதான் உள்ளது. பிறந்து பத்து நாளான சிசுவிடம் கண்ட பயன் பத்து வயதுச் சிறுவனுக்கும் கிட்டும் என்று கொள்ள இயலாது. யார் யார் ஆய்வில் சேர்க்கப்பட்டனர், எவர் விலக்கப்பட்டனர், எத்தகைய பக்க விளைவுகள் தோன்றின என்னும் விவரங்கள் பெரும்பாலும் முழுக் கட்டுரையினுள்ளேதான் இருக்கும்.

பணம் செலுத்துமுன் 'பப்மெட்' தளத்தைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இக்கட்டுரை அட்டவணை அனைவருக்கும் இலவசம். கட்டுரையின் பக்கத்தில் 'பிஎம்சி' என்னும் இணைப்பு இருந்தால், முழுக் கட்டுரையும் 'பப்மெட் சென்ட்ரல்' களஞ்சியத்தில் உள்ளது என்று பொருள்.

அங்கே இல்லையெனில், எழுதியவரிடமே கேட்கலாம். நம்மவர் பலர் இதற்குத் தயங்குகின்றனர்; தேவையற்ற தயக்கம் அது. வாசகர் செலுத்தும் கட்டணம் பதிப்பகத்துக்கே செல்கிறது. எழுதிய மருத்துவருக்கு அதில் பங்கில்லை. கேட்பவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு படி அனுப்புவதைப் பதிப்பகங்கள் பலவும் அனுமதிக்கின்றன. தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் சுருக்கப் பக்கத்திலேயே கிடைக்கும். கட்டுரையின் தலைப்பையும் நீங்கள் ஒரு பெற்றோர் என்பதையும் இரண்டு வரிகளில் எழுதினால் போதும். குழந்தையின் பெயரையோ மருத்துவ அறிக்கைகளையோ அனுப்ப வேண்டாம்.

இந்தியாவில் 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் உள்ளது. இதன்படி 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் படிக்க இயலும். பெற்றோருக்கு இதில் நேரடி உரிமை இல்லாதது ஒரு குறையே. எனினும், அரசு மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் மருத்துவர் அக்கட்டுரையைப் படித்து உங்களுக்கு விளக்கலாம்.

'காக்ரேன்' மீளாய்வுகள் ஒரு பொருளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்ப்பவை. அவற்றின் எளிய மொழிச் சுருக்கங்கள் இலவசம். சில தமிழிலும் உள்ளன. மருத்துவமனையில் இருக்கும் 12 வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்பில் குடும்பத்தையும் இணைத்துக்கொள்வது குறித்து 2012-இல் ஒரு மீளாய்வு வெளியானது. அதில் தகுதி பெற்ற ஆய்வு ஒன்றே ஒன்றுதான். தாய் உடனிருப்பதால் பயனில்லை என்று இதற்குப் பொருளன்று. போதிய ஆய்வுகள் நடைபெறவில்லை என்பதே பொருள். அவசரமாகப் படிப்போர் தவறவிடுவது இவ்வேறுபாட்டைத்தான்.

கட்டுரை கிடைத்ததும் மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம். ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகளின் வயதும் நோயின் தீவிரமும் குறிக்கப்பட்டுள்ள பகுதியை அடிக்கோடிட்டு, மருத்துவர் பார்வையிட வரும்போது காட்டுங்கள். "இந்தக் குழந்தைகளின் நிலையும் எங்கள் குழந்தையின் நிலையும் ஒன்றுதானா?" என்று முதலில் கேளுங்கள்.